கம்பில் ஒளிந்திருக்கும் இரும்பு

அரிசி வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறீர்கள். வெள்ளை வெளேரென்று இருக்கிறதா, கல் கிடக்கிறதா, நொய் அதிகமா, பழைய அரிசிதானா, வடித்தால் குழையுமா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டுக் கடைக்காரரைத் திணற அடித்துவிட்டுத்தான் மூட்டையை எடுத்து வைக்கச் சொல்கிறீர்கள். ஆனால், "ஏன் ஐயா, இந்த அரிசியில் இரும்புச் சத்து எவ்வளவு இருக்கிறது?" என்று என்றைக்காவது கேட்டதுண்டா?

கேட்டால் அவர் உங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். "இரும்பு வேண்டுமானால் பக்கத்துக் கடைக்குப் போங்கள், அம்மா!" என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை. ஆயினும், சகோதரிகளே, கேட்க வேண்டிய கேள்வி அதுதான். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒரு விவரம் சொல்லுகிறது. தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை இருந்ததாம். இந்தியா முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு 57 பேர். அதாவது, அண்டை அயலில் நாலு பெண்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தால் அவர்களில் இரண்டு பேருக்காவது ரத்தம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மத்தியானமானால் கண் இருட்டுகிறது. எதிலும் மனம் ஓடவில்லை. இதையெல்லாம் "உடம்பு அசதி" என்று சொல்லி ஒரு டம்ளர் காபியோடு ஒதுக்கிவிடுகிறோம். ரத்த சோகைக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் முக்கியமானது இரும்புச் சத்துக் குறைவு.

வயிறு நிறைந்திருக்கும், உடம்பு மட்டும் பட்டினி கிடக்கும். இந்த நிலையைத்தான் விஞ்ஞானிகள் "மறைந்திருக்கும் பசி" என்கிறார்கள். கும்பகோணத்தில் பிறந்து உலகப் புகழ் பெற்ற வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன், 2023-ம் ஆண்டில் காலமாகும் வரை இந்தப் பசியைப் பற்றி ஓயாமல் பேசி வந்தார். இந்தப் பசிக்கு மருந்தை மாத்திரையில் மட்டுமல்லாமல் பயிரிலேயே தேட முடியும் என்பதுதான் இங்கே நாம் பார்க்கப் போகும் விஷயம்.

ரயிலில் ஒரு சிறு பிரயாணம்

சென்னை எழும்பூரில் ரயில் ஏறி ஜன்னலோரமாக உட்காருங்கள். செங்கற்பட்டு ஏரியைத் தாண்டி, மதுராந்தகத்தைத் தாண்டித் திண்டிவனம் வரும். 'திந்த்ரிணி வனம்', அதாவது புளியமரக் காடு என்ற பெயர்தான் மருவித் திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். அங்கிருந்து இன்னும் கொஞ்ச நேரத்தில் விழுப்புரம் ஜங்ஷன். இந்த வழி நெடுகிலும் ஏரிப் பாசனம் உள்ள இடத்தில் நெல். மேட்டு நிலத்தில் வேர்க்கடலை, எள், உளுந்து, கம்பு. வேர்க்கடலையை இந்தச் சீமையில் 'மணிலாக்கொட்டை' என்பார்கள். பேச்சு வழக்கில் அது 'மல்லாட்டை' ஆகிவிடும்.

திண்டிவனத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அங்கே எண்ணெய் வித்துக்களுக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இன்று அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே பொறுக்கி எடுத்த வேர்க்கடலை ரகங்களுக்கு 'டி.எம்.வி.' என்று பெயர். திண்டிவனம் என்பதன் சுருக்கந்தான் அது. 1940-ம் ஆண்டில் வெளிவந்த டி.எம்.வி. 2 என்ற ரகம் ஆந்திரத்துக்கும் கன்னடச் சீமைக்கும் போய்ப் பல லட்சம் ஏக்கரில் பரவிற்று. நம் ஊர் விதை அயலூர்க் குடியானவனை வாழ வைத்தது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பயிரில் எந்தக் குணம் வேண்டுமோ, அதைத் தேடிப் பொறுக்கினால் கிடைக்கும். எண்ணெய் வேண்டும் என்று தேடினார்கள், எண்ணெய் கிடைத்தது. விளைச்சல் வேண்டும் என்று தேடினார்கள், அதுவும் கிடைத்தது. 1965-ம் ஆண்டில் பஞ்சாபில் நாட்டின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு வந்தபோது எல்லாரும் கேட்ட கேள்வி, "ஏக்கருக்கு எத்தனை மூட்டை?" என்பதுதான். பஞ்சத்துக்குப் பயந்திருந்த காலம் அது. அந்தக் கேள்வியில் தப்பில்லை. ஆனால் "தானியத்துக்குள் இரும்பு எவ்வளவு?" என்று வெகுகாலம் யாரும் கேட்கவில்லை. கேட்காதது கிடைக்குமா?

அரிசியும் கம்பும்

கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையின்படி, தீட்டிய அரிசி 100 கிராமில் உள்ள இரும்பு 1 மில்லிகிராம்கூட இல்லை, சுமார் 0.65 மில்லிகிராம். அதே 100 கிராம் கம்பில் சுமார் 6.4 மில்லிகிராம். ஏறக்குறையப் பத்து மடங்கு! துத்தநாகச் சத்தும் கம்பில் அரிசியைப் போல இரு மடங்குக்கு மேல்.

ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு இரும்பு வேண்டும்? அதே நிறுவனத்தின் 2020-ம் ஆண்டுக் கணக்கின்படி 29 மில்லிகிராம். ஆணுக்கு 19 போதும். நமக்குத்தான் அதிகம் தேவை. நாம்தான் வீட்டில் கடைசியாக, மிச்சம் மீதியைச் சாப்பிடுகிறவர்கள்! இந்த வேடிக்கையை என்னவென்று சொல்வது?

நெல் மணியில் இரும்பே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அதில் பெரும் பங்கு மேல் தோலிலும் முளைக் கருவிலும் தங்கியிருக்கிறது. அரிசி மல்லிகைப் பூவைப் போல் வெளுக்க வேண்டும் என்று மில்லில் தீட்டத் தீட்ட, அது தவிட்டோடு போய்விடுகிறது. தவிடு மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. மாடு புஷ்டியாக இருக்கிறது. நாம் டாக்டர் வீட்டு வாசலில் காத்திருக்கிறோம்.

கம்பை நாம் கைவிட்டதற்கு நியாயமான காரணங்கள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பு சமைப்பது லேசான காரியமல்ல. தண்ணீர் தெளித்து, உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைத்து உமி நீக்கி, மறுபடி இடித்து, அதற்குப் பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். அந்த வேலையெல்லாம் யார் தலையில் விழுந்தது? பெண்கள் தலையில்தான். அரிசி வீடு தேடி வந்தபோது நம் பாட்டிமார் உலக்கையைப் பரணில் போட்டதில் வியப்பில்லை. 2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமாகவே கிடைக்கலாயிற்று. பசி போயிற்று. அது சின்ன விஷயமல்ல. ஆனால் கம்பும் கேழ்வரகும் தட்டை விட்டு இறங்கியபோது, அவற்றோடு இரும்பும் இறங்கிவிட்டது.

துத்தநாகம் சொன்ன கதை

இரும்பு தெரியும், துத்தநாகம் எதற்கு என்று தோன்றலாம். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற டாக்டர் 1958-ம் ஆண்டில் ஈரான் நாட்டு ஷிராஸ் நகரத்துக்குப் போனார். அங்கே அவரிடம் ஒரு நோயாளி வந்தான். வயது 21. பார்த்தாலோ பத்து வயதுப் பையன் போல் இருந்தான்! உயரம் இல்லை, மீசை அரும்பவில்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று விசாரித்தபோது, பெரும்பாலும் கோதுமை ரொட்டிதான் என்று தெரிந்தது. மண் தின்னும் பழக்கமும் இருந்தது. அவனைப் போல் அந்தப் பக்கத்தில் இன்னும் பலர் இருந்தார்கள்.

பிரசாத் பின்பு எகிப்துக்குப் போய் அங்கும் இதே போன்ற பையன்களைப் பரிசோதித்தார். அவர்கள் உடம்பில் துத்தநாகம் குறைவு என்று 1963-ல் நிரூபித்தார். துத்தநாகம் கொடுத்ததும் அவர்கள் வளர ஆரம்பித்தார்கள். மனித உடம்புக்குத் துத்தநாகம் அவசியம் என்று உலகம் அறிந்தது அதற்குப் பிறகுதான்.

கோதுமையில் துத்தநாகம் இல்லையா? இருக்கிறது. ஆனால் தானியங்களில் 'பைட்டிக் அமிலம்' என்ற ஒரு பொருளும் இருக்கிறது. அது இரும்பையும் துத்தநாகத்தையும் இறுகக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். குடலில் எளிதில் சேரவிடாது. புளிக்க வைக்காத ரொட்டியையே தின்று வந்தவர்களுக்கு, பெட்டியில் பணம் இருந்தும் சாவி இல்லாத கதைதான். அந்தச் சாவியைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விதை

இப்போது விதைக்கு வருவோம். மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்று ஒரு சிறிய நாடு. அதன் வடபகுதியில் 'இனியாடி' என்ற நாட்டுக் கம்பு உண்டு. பெயரைக் கேட்டால் நம் தமிழ்ப் பெயர் போல் இருக்கிறது அல்லவா? பருத்த மணி, சீக்கிரம் விளையும். ஹைதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில் இருக்கும் 'இக்ரிசாட்' என்ற சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தார் அதிலிருந்து ஒரு ரகத்தைப் பொறுக்கி எடுத்தார்கள். 1988-ல் அது மகாராஷ்டிரத்தில் வெளியிடப்பட்டது.

பிற்பாடு, தானியத்தில் இரும்பைத் தேடும் முயற்சி ஆரம்பித்தபோது, இந்த டோகோ வம்சத்துக் கம்பில் இரும்பு நிறைய இருப்பது தெரிய வந்தது. அதிலும் அதிக இரும்பு உள்ள செடிகளாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு புது ரகம் செய்தார்கள். அதுதான் 'தனசக்தி'. 2012-ல் மகாராஷ்டிரத்திலும், 2014-ல் நாடு முழுவதற்கும் வெளியிடப்பட்டது. இதில் கிலோவுக்கு 71 மில்லிகிராம் இரும்பும் 40 மில்லிகிராம் துத்தநாகமும் இருக்கின்றன. சாதாரண ரகங்களில் இரும்பு சராசரியாக 47 மில்லிகிராம் அளவில்தான். விளைச்சலும் தாய் ரகத்தைக் காட்டிலும் அதிகம். குடியானவர் தம் நிலத்து விதையையே எடுத்து வைத்து அடுத்த பட்டத்தில் விதைக்கலாம். ஆனால் கம்பில் ஒரு சங்கடம்: காற்றில் வரும் பக்கத்து வயல் மகரந்தம் சுலபமாகக் கலந்துவிடும். ஆகையால் அவ்வப்போது சுத்தமான விதை வாங்கிக்கொள்வது நல்லது.

மணிக்குள் இருக்கும் இரும்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? இதற்கென்று எக்ஸ் கதிர்க் கருவி ஒன்று இருக்கிறது. தானியத்தை அதில் வைத்தால் சில நிமிஷங்களில் கணக்குச் சொல்லிவிடும். ஆனால் களத்து மண் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும், கதிரடிக்கும் இயந்திரத்தின் இரும்புத் தூள் பட்டிருந்தாலும் கருவி ஏமாந்துபோகும். அதனால் நகைக் கடையில் தங்கம் நிறுப்பது போல அத்தனை ஜாக்கிரதையாக வேலை செய்கிறார்கள்.

சரி, சாப்பிட்டால் பலன் உண்டா? மகாராஷ்டிரத்துக் கிராமங்களில் விடுதியில் தங்கிப் படித்த, 12 முதல் 16 வயது வரையுள்ள 246 மாணவ மாணவியரை வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு இரும்பு மிகுந்த கம்பில் செய்த ரொட்டி. சிலருக்குச் சாதாரணக் கம்பு ரொட்டி. நாலு மாதத்தில், இரும்பு மிகுந்த கம்பு சாப்பிட்டவர்களின் உடம்பில் இரும்புச் சேமிப்பு நன்றாகக் கூடியிருந்தது. 2015-ல் இந்த முடிவு வெளியாயிற்று. அதே ஆராய்ச்சியைச் சேர்ந்த 2018-ம் ஆண்டுக் கட்டுரை இன்னொன்றும் சொன்னது: அந்தப் பிள்ளைகளுக்குக் கவனமும் ஞாபகசக்தியும்கூடத் தேறியிருந்தனவாம். பரீட்சைக்குப் படிக்கும் குழந்தை உள்ள வீட்டார் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அதே 2018-ல் நம் நாட்டில் ஒரு நல்ல விதி ஏற்பட்டது. தேசிய அளவில் புதிதாக வெளியிடப்படும் கம்பு ரகம் எதுவானாலும் கிலோவுக்குக் குறைந்தது 42 மில்லிகிராம் இரும்பும் 32 மில்லிகிராம் துத்தநாகமும் இருந்தாக வேண்டும். எத்தனை மூட்டை என்ற பழைய கேள்வியோடு, எவ்வளவு சத்து என்ற புதுக் கேள்வியும் சேர்ந்துகொண்டது.

அரிசியை மட்டும் விட்டுவிட்டார்களா? இல்லை. ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிலையம் 2016-ல் வெளியிட்ட 'டி.ஆர்.ஆர். தான் 45' என்ற நெல்லில், தீட்டிய பிறகும் கிலோவுக்கு 22.6 மில்லிகிராம் துத்தநாகம் நிற்கிறது. துத்தநாகம் அரிசியின் உட்புறத்திலும் பரவியிருப்பதால் இது சாத்தியமாயிற்று. இரும்புதான் இன்னும் பிடிகொடுக்க மாட்டேனென்கிறது.

மண்ணும் கொடுக்க வேண்டும்

விதை மட்டும் நன்றாயிருந்தால் போதாது. மண்ணில் இருந்தால்தானே செடி எடுத்துக்கொள்ளும்? தமிழ்நாட்டு நிலங்களில் துத்தநாகக் குறைவு பரவலாக உண்டு. நெற்பயிரின் இலையில் துரு நிறப் புள்ளி விழுந்து பயிர் குன்றும் 'கைரா' நோயை, ஏதோ கிருமியின் வேலை என்று எண்ணியிருந்த காலத்தில், துத்தநாகக் குறைவினால் வருவது என்று 1966-ல் பந்த்நகரைச் சேர்ந்த விஞ்ஞானி நேனே எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் ஏக்கருக்குப் பத்துக் கிலோ வீதம் ஜிங்க் சல்பேட் போடும் வழக்கம் நம் வயல்களில் புகுந்தது.

துருக்கி நாட்டில் இஸ்மாயில் சக்மாக் என்ற விஞ்ஞானி 1990-களில் கோதுமை வயல்களுக்குத் துத்தநாகம் போட்டுப் பார்த்தார். விளைச்சலும் கூடிற்று; மணியில் துத்தநாகமும் கூடிற்று. பயிர் பூத்த பிறகு இலை மேல் தெளித்தால் மணியில் இன்னும் நன்றாக ஏறுகிறது. ஆனால் இரும்புக்கு இந்த வித்தை பலிப்பதில்லை. மண்ணில் போட்ட இரும்பு சீக்கிரமே செடிக்கு எட்டாதபடி இறுகிவிடும். ஆகவே துத்தநாகத்துக்கு விதையும் உரமும். இரும்புக்கு முக்கியமாக விதை.

சாவி நம் சமையலறையில்!

விஞ்ஞானி விதையில் சேர்த்தார். குடியானவர் மண்ணில் சேர்த்தார். மிச்சம் இருப்பது நம் பங்கு. பெட்டியைத் திறக்கும் சாவி என்று சொன்னேனே, அது இங்கேதான் இருக்கிறது.

ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் காய்ச்சுவார்கள். புளிக்கும்போது, முன்னே சொன்ன பைட்டிக் அமிலம் சிதைந்துபோகிறது. கட்டுண்ட இரும்பும் துத்தநாகமும் விடுதலை பெறுகின்றன. ஊற வைப்பதும் முளைகட்டுவதும் இதே வேலையைச் செய்யும்.

கூழுக்குத் தொட்டுக்கொள்ள என்ன? சின்ன வெங்காயம்! மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 2010-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். தானியத்தோடும் பருப்போடும் வெங்காயமோ பூண்டோ சேர்த்தால், உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய இரும்பும் துத்தநாகமும் கூடுகின்றன என்று பரிசோதனைச் சாலையில் கண்டார்களாம். ஏர் உழுகிறவர் கூழ்க் கலயத்தோடு நாலு வெங்காயம் கடித்துக்கொண்டதில் எத்தனை சாமர்த்தியம்!

எலுமிச்சம்பழச் சாறும் இரும்பைச் சேர்க்க உதவும். புளி உதவுமா என்று கேட்டால், திண்டிவனத்தார் கோபித்துக்கொள்ளக் கூடாது: புளியில் உள்ள துவர்ப்புப் பொருள் அந்த உதவியைக் கெடுத்துவிடுகிறது என்று அதே மைசூர் நிலையத்தார் கண்டிருக்கிறார்கள். காபி, டீயிலும் துவர்ப்பு உண்டு. ஆகையால் சாப்பிட்ட கையோடு காபி டம்ளரை எடுக்காமல், ஒரு மணி நேரமாவது பொறுங்கள். காபியை விடச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் துணிச்சல் எனக்குக் கிடையாது.

இதோ, நாளைக்கே செய்யக்கூடிய சில காரியங்கள்:

கம்பு மாவை மாதக் கணக்கில் அரைத்து வைக்காதீர்கள். அதில் எண்ணெய்ப் பசை உண்டு. சில நாளில் கசப்பு ஏறிவிடும். "கம்பு எங்கள் வீட்டில் பிடிக்கவில்லை" என்பவர்களில் பலர் தின்றது பழைய மாவாகத்தான் இருக்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். உமி நீக்கிய கம்பு இப்போது கடையிலேயே கிடைக்கிறது, உலக்கை வேண்டியதில்லை.

இட்லி, தோசைக்கு ஊறப் போடும்போது அரிசியில் பாதியைக் குறைத்து, அந்த அளவு கம்பு போடுங்கள். உளுந்து வழக்கம்போல. மாவு புளித்ததும் வார்த்தால் தோசை நல்ல மொறுமொறுப்பாக வரும். சிறு குழந்தைகளுக்கு முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்த கம்பு மாவில் கஞ்சி காய்ச்சலாம். கம்பு அடைக்கு முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் சேர்த்து, சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 150 கிராம் தனசக்திக் கம்பு சாப்பிட்டால் பத்து மில்லிகிராமுக்கு மேல் இரும்பு. ஒரு பெண்ணின் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அதே அளவு தீட்டிய அரிசியில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். தனசக்தி கிடைக்காவிட்டாலும் சாதாரணக் கம்பே அரிசியைக் காட்டிலும் பல மடங்கு மேல். ஆனால் ஒன்று: ரத்த சோகை முற்றியவர்களும் கர்ப்பிணிகளும் கம்பை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. டாக்டர் சொன்னபடி மாத்திரை, அதோடு கம்பு.

யார் கேட்பது?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் இருக்கின்றன. குடியானவர் மூட்டையை அங்கே கொண்டு வந்து இறக்குகிறார். வியாபாரி வந்து கையை விட்டு அள்ளிப் பார்க்கிறார். நிறம் பார்க்கிறார், ஈரம் பார்க்கிறார், எடை போடுகிறார். உள்ளே இருக்கும் இரும்பு அவர் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. ஆகவே, சத்துள்ள கம்புக்கும் சத்தில்லாத கம்புக்கும் ஒரே விலை. அப்படியானால் குடியானவர் எதற்காகத் தேடிப் பிடித்து இரும்புக் கம்பு விதைக்க வேண்டும்? ஆடிப் பட்டத்தில் விதைத்தால் தொண்ணூறு நாளில் வீட்டுக்கு வரும் பயிர், தண்ணீரும் அதிகம் கேட்காத பயிர். வாங்க ஆள் இல்லையென்றால் அவரும் என்ன செய்வார்?

2018-ல் அரசாங்கம் கம்பு, சோளம், கேழ்வரகு முதலியவற்றைச் 'சத்துத் தானியங்கள்' என்று பெயரிட்டுக் கௌரவித்தது. 2023-ம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடிற்று. பெயரும் விழாவும் நல்லவைதாம். ஆனால் வயலில் எது விளைய வேண்டும் என்று தீர்மானிப்பது விழா மேடை அல்ல. நம் கையில் இருக்கும் மளிகைச் சீட்டு.

எனவே, அடுத்த மாதச் சாமான் பட்டியலில் அரிசிக்குக் கீழே "கம்பு - 3 கிலோ" என்று ஒரு வரி எழுதுங்கள். கடைக்காரரிடம், "இது எந்த ஊர்க் கம்பு? இரும்பு மிகுந்த ரகம் ஏதாவது வருகிறதா?" என்று கேளுங்கள். முதல் மாதம் விழிப்பார். பத்துப் பேர் கேட்டால் மொத்த வியாபாரியிடம் அவர் கேட்பார். மொத்த வியாபாரி விழுப்புரத்தில் கேட்பார். அப்புறம் குடியானவர் விதைக் கடையில் கேட்பார்.

அன்றைக்குச் சமையலானதும் இன்னொரு காரியமும் செய்யுங்கள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடாமல், சூடான கம்பு அடை ஒன்றை முதலில் உங்கள் தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அதிக இரும்பு வேண்டியவர் நீங்கள்தானே?